பழைய படம் ஒன்றைப் பார்க்கச் சொல்வது எப்படி

“‘அந்த நாள்’ பாருங்க, அருமையான படம்” என்று ஒருவரிடம் சொல்கிறீர்கள். அவர் இணையத்தில் பெயரைத் தட்டி முதலில் வருவதைத் திறக்கிறார். படம் பக்கவாட்டில் இழுபட்டு எல்லோர் முகமும் அகன்று தெரிகிறது. மூலையில் பெரிய முத்திரை. ஒலி கரகரக்கிறது. சிவாஜி படம் என்பதால் பாட்டு வரும் என்று காத்திருக்கிறார், வரவே இல்லை. கால் மணி நேரத்தில் மூடிவிட்டு, “பழைய படமெல்லாம் நமக்கு ஒத்துவராது” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்தப் படம் மட்டும் போகவில்லை. அடுத்து நீங்கள் சொல்லவிருந்த பத்துப் படங்களும் சேர்ந்து போய்விட்டன.

படத்தில் ஒரு குறையும் இல்லை. பெயரை மட்டும் சொல்லி அனுப்பியதில்தான் குறை. ஒரு பழைய படத்தைப் பரிந்துரைப்பதில் நான்கு வேலை இருக்கிறது: ஆளுக்கேற்ற படத்தைத் தேர்வது, நல்ல பிரதியைக் கண்டுபிடிப்பது, டிவியைச் சரியாக அமைக்கச் சொல்வது, என்ன எதிர்பார்க்கலாம் என்று இரண்டு வரி சொல்லி அனுப்புவது. பெரும்பாலானோர் முதல் வேலையில் பாதியைச் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆளைப் பார்த்துப் படம்

“உங்களுக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும்?” என்று கேட்காதீர்கள். கேட்டால் மரியாதையான பதில்தான் வரும். “கடைசியாக நடுவில் போனை எடுக்காமல் முழுசாகப் பார்த்த படம் எது?” என்று கேளுங்கள். உண்மையான ருசி அதில் தெரிந்துவிடும். அடுத்து, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விதான் முக்கியம்: எதைத் தாங்கமாட்டார்? சப்டைட்டில் படிப்பதையா, நாடகபாணி வசனத்தையா, மெதுவான நடையையா, சோகமான முடிவையா?

கறுப்பு வெள்ளைதான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். கதை பிடித்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் கண் அதற்குப் பழகிவிடும். தமிழ்ப் படங்களில் உண்மையான தடை வசன உச்சரிப்பும் ஒலியும்தான். 1950களின் அடுக்குமொழி வசனம், 1940களின் பாட்டு வரிசை இரண்டுக்கும் காது பழக நாளாகும். அதனால் பின்னோக்கி நடத்திச் செல்லுங்கள். 1978 முதல் 1990 வரை உள்ள படங்களில் தொடங்கி, பிறகு அறுபதுகளுக்கும் ஐம்பதுகளுக்கும் போய், நாற்பதுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு துப்பறியும் கதை. கொலையாளி யார் என்ற கேள்வி எந்தக் காலத்து வசனத்தையும் தாண்டி ஆளை இழுத்துப் போய்விடும்.

ஆகவே மர்மக் கதைப் பிரியருக்கு எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954). அவர் மகளுக்குக் கல்லூரி வயது என்றால், அவளுக்கு ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978). வீடு கட்டி அலைந்தவருக்கு பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). அதைப் பார்க்கும்போது அவர் இடையிடையே திரையைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார். மணிக்கணக்கில் நேரம் இல்லை என்பவருக்கு அமெரிக்கப் படமான ‘டீடூர்’ (1945). எட்கர் உல்மர் இயக்கிய அது 70 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வாதப் பிரதிவாதங்களை ரசிப்பவருக்கு சிட்னி லூமெட்டின் ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ (1957), 96 நிமிடம்.

கவனிக்கப்படாத படங்களிலும் மூன்று ரகம் உண்டு. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல வேண்டும். முதல் ரகம், வெளியான நாளில் ஓடாதது. ‘அந்த நாள்’ அப்படித்தான். பாட்டில்லாத படத்துக்கு அன்று ரசிகர்கள் தயாராக இருக்கவில்லை. இந்த ரகம் இன்றைய பார்வையாளருக்கு எளிது, ஏனென்றால் அன்று குறையாகத் தெரிந்ததே இன்று பலம். இரண்டாம் ரகம், விருது வாங்கியும் அதிகம் பேர் பார்க்காதது. கே. எஸ். சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ சிறந்த இந்தியப் படத்துக்கான தங்கத் தாமரையைப் பெற்ற முதல் தமிழ்ப் படம். இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ கதையிலிருந்து எடுத்தது. இருந்தும் அதைப் பார்த்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த ரகத்தைச் சொல்லும்போது விருதை முன்னால் வைக்காதீர்கள். விருது என்றதும் ‘பாடம்’ என்ற பயம் வந்துவிடும். கதையை முன்னால் வையுங்கள்.

மூன்றாம் ரகம், ஒரு நட்சத்திரத்தின் பெரிய வெற்றிகளுக்கு நடுவில் அமுங்கிப்போனது. 1978 தீபாவளிக்கு ‘சிகப்பு ரோஜாக்க’ளும் ‘அவள் அப்படித்தா’னும் அடுத்தடுத்து வந்தன. இரண்டிலும் கமல் நாயகன், முதலாவதில் ஸ்ரீதேவி, இரண்டாவதில் ஸ்ரீப்ரியா என்று பெயர்பெற்ற நாயகி. வண்ணப் படமான முதலாவது பெரும் வெற்றி பெற்றது, கறுப்பு வெள்ளைப் படமான இரண்டாவது மெல்ல மெல்லத்தான் தன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டது. இந்த ரகத்தை நட்சத்திரத்தின் ரசிகரிடம் கொடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ‘அவள் அப்படித்தா’னில் ரஜினி செய்திருப்பது பெண்களை ஏளனமாகப் பேசும் பாத்திரம். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ரசிகர் அந்த நடிப்பை அனுபவிப்பார். சொல்லாவிட்டால் முகம் சுளிப்பார்.

பெயரை எழுதித் தரும்போது ஆண்டும் இயக்குநர் பெயரும் கட்டாயம். ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று மட்டும் எழுதினால் அவர் 2009இல் வந்ததைப் பார்த்துவிட்டு வருவார். நீங்கள் சொன்னது ஜெயகாந்தன் இயக்கிய 1965 படமாக இருக்கும். ‘எதிர்நீச்சல்’ 1968இலும் உண்டு, 2013இலும் உண்டு. ‘ஆண்டவன் கட்டளை’ 1964இலும் 2016இலும். தேடும்போது தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை என இரண்டு விதமாகவும் தேடச் சொல்லுங்கள். ழகரத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் நல்ல பிரதி வேறொரு எழுத்துக்கூட்டலில் ஒளிந்திருக்கும்.

எந்தப் பிரதி என்று பார்ப்பது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரே படத்துக்கு இணையத்தில் நாலைந்து பிரதிகள் கிடக்கும். தயாரிப்பு நிறுவனமோ உரிமையாளரோ ஏற்றியது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஆனால் அதையும் நம்பி அப்படியே அனுப்பிவிடக் கூடாது. கீழே உள்ள சோதனைகளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

முதலில் நீளம். நம் படங்களின் தொடக்கத்தில் சில விநாடி தணிக்கைச் சான்றிதழ் வரும். அங்கே நிறுத்துங்கள். அதில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும், மிகப் பழைய படமென்றால் அடியில் இருக்கும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகம் (ஃப்ரேம்). விநாடிக்கு 24 சட்டகம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர். சான்றிதழில் 4000 மீட்டர் என்று இருந்தால் 27.4ஆல் வகுத்துப் பாருங்கள், 146 நிமிடம் வரும். கோப்பு 120 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் 26 நிமிடம் எங்கோ வெட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் பாட்டோ நகைச்சுவைப் பகுதியோ போயிருக்கும், சில நேரம் ஒரு ரீலே போயிருக்கும். நீளம் தெளிவாகத் தெரியாமல் ரீல் எண்ணிக்கை மட்டும் தெரிந்தாலும் போதும். ஒரு ரீல் அதிகபட்சம் 1000 அடி, ஏறத்தாழ 11 நிமிடம். 14 ரீல் படம் 100 நிமிடத்தில் முடிய வழியே இல்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. 146 நிமிடப் படம் 140 நிமிடத்தில் முடிந்தால் வெட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய விசிடி, டிவிடி, தொலைக்காட்சி நாடாக்களில் படம் விநாடிக்கு 24க்குப் பதில் 25 சட்டகமாக ஓட்டப்பட்டிருக்கும். அதனால் முழுப் படமும் 4 சதவீதம் வேகமாக முடிந்துவிடும். 146இல் 4 சதவீதம் கழித்தால் 140. காட்சி எதுவும் போகவில்லை, குரல்கள்தான் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். கோப்பு 25இல் ஓடுகிறதா என்று, கணினியில் வீடியோ ஓட்டும் விஎல்சி செயலியில் கோடெக் விவரத்தைத் திறந்தால் தெரியும். யூடியூபில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் அங்கேயும் எழுதியிருக்கும். நல்ல காது உள்ளவர்களுக்கு இந்த வேகம் பாட்டில் உறுத்தும், ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் சுருதி கூடிவிடுகிறது. விஎல்சியில் ஓட்டும் வேகத்தை 0.96க்கு இறக்கினால் நடை சரியாகிவிடும்.

அடுத்தது உருவம். 1950களின் நடுப்பகுதிவரை உலகெங்கும் படங்கள் ஏறக்குறைய 4:3 விகிதத்தில்தான் எடுக்கப்பட்டன, தமிழில் அது இன்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (மிக அகலத் திரை) படம் ‘ராஜராஜ சோழன்’ வந்ததே 1973இல்தான். ஆகவே அறுபதுகளின் தமிழ்ப் படம் அகலத் திரையை முழுதாக நிரப்பினால் ஏதோ தவறு நடந்திருக்கிறது. என்ன தவறு என்று கண்டுபிடிக்க ஒரு வட்டத்தைத் தேடுங்கள்: சுவர்க் கடிகாரம், கார்ச் சக்கரம், தட்டு, நெற்றிப் பொட்டு எதுவானாலும் சரி. வட்டம் நீள்வட்டமாகக் கிடந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது. முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும், ஆனால் இதற்கு மருந்து உண்டு. விஎல்சியில் ‘ஏ’ பொத்தானை அழுத்திக்கொண்டே போய் 4:3இல் நிறுத்தினால் முகம் சரியாகிவிடும். டிவியில் பார்ப்பவர் ரிமோட்டில் பிக்சர் சைஸை 4:3க்கு மாற்றலாம்.

வட்டம் வட்டமாகவே இருந்து, நிற்பவர்களின் தலை உச்சியில் வெட்டுப்பட்டு, தொடக்கத்துப் பெயர் எழுத்துகள் மேலும் கீழும் விளிம்பை உரசினால், அகலத் திரைக்காகப் படத்தையே கத்தரித்திருக்கிறார்கள். நான்கில் ஒரு பங்கு படம் போய்விட்டது. இதற்கு மருந்து கிடையாது, வேறு பிரதியைத் தேடுங்கள். சினிமாஸ்கோப் படங்களுக்கு நேர்வது இதற்கு நேர்மாறு. பழைய டிவிக்காக இருபக்கமும் வெட்டிய பிரதிகளில் படத்தின் பாதிக்குச் சற்றே குறைவான பகுதி காணாமல் போயிருக்கும். இருவர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரிந்தால் அதுதான் காரணம். எல்லோரும் ஒல்லியாக உயரமாகத் தெரிந்தால் அது வேறு வியாதி. பிலிமில் நெருக்கிப் பதிந்த படத்தை விரிக்காமலே ஏற்றியிருக்கிறார்கள், 2.35:1 விகிதத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

உரிமைச் சிக்கலுக்குத் தப்பிக்க இடம் வலமாகத் திருப்பி ஏற்றிய பிரதிகளும் உண்டு. கடைப் பலகையையோ பஸ் எண்ணையோ பார்த்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கும். உடனே மூடிவிடுங்கள்.

‘1080’ என்ற எண்ணை நம்பாதீர்கள். விசிடியின் உண்மையான அளவு 352க்கு 288 புள்ளிகள்தான். அதை ஊதிப் பெரிதாக்கி எந்த எண்ணை வேண்டுமானாலும் ஒட்டலாம். தொடக்கத்துப் பெயர் வரிசையில் மிகச் சிறிய எழுத்தில் வரும் உதவியாளர் பெயர்களை நிறுத்திப் படியுங்கள். அவை படிக்க முடிந்தால் பிரதி தேறும். முகத்தில் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக இருந்தால், பிலிமின் மணல் போன்ற புள்ளிகளை நீக்குகிறேன் என்று தோலின் விவரத்தையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள். கீறலும் தூசியும் உள்ள மங்கலான பிரதி அதைவிட மேல்.

கீறல் இருக்கட்டும். ஒரு காட்சியின் கடைசியில் வலது மேல் மூலையில் சிறு வட்டம் மின்னி மறையும். சில விநாடி கழித்து இன்னொன்று. அது புரொஜெக்டர் ஆபரேட்டருக்கு ரீல் மாற்றச் சொல்லும் குறி. ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் தேயும் இடம். வட்டம் வந்தபின் வசனம் பாதியில் தாவினால் அது இயக்குநரின் வெட்டல்ல, பிலிம் தேய்ந்ததன் இழப்பு. இதைப் பார்ப்பவருக்குச் சொல்லிவைத்தால் ‘எடிட்டிங் சரியில்லை’ என்ற தீர்ப்பு வராது.

வண்ணம் பூசிய பதிப்பும் கறுப்பு வெள்ளையும் இரண்டும் கிடைத்தால் கறுப்பு வெள்ளையையே கொடுங்கள். அந்தக் கால ஒளிப்பதிவாளர் நிறத்தை மறந்து, வெளிச்சமும் இருளும் எங்கே பிரிய வேண்டும் என்று விளக்கு வைத்தவர். வண்ணம் பூசும்போது அந்தப் பிரிவு மழுங்கிவிடுகிறது. மௌனப் படம் என்றால் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் எழுத வேண்டும். ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ (1927) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொலைந்ததாகக் கருதப்பட்ட காட்சிகள் உள்ள பிரதி ஒன்று 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் கிடைத்தது. அதைச் சேர்த்து 2010இல் வந்த பதிப்பு இரண்டரை மணி நேரம் அளவுக்கு ஓடும். 1984இல் பாப் பாட்டுகளோடு வந்த பதிப்பு அதில் ஏறத்தாழ பாதிதான். இரண்டையும் ஒரே படம் என்று நினைத்துத் திறப்பவர் எதைப் பார்த்தார் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

டிவியும் சப்டைட்டிலும்

புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று, வாங்கும்போதே இயங்கும்படி இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பிக்சர் செட்டிங்ஸில் ‘மோஷன்’ என்ற சொல் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். அது இல்லாத சட்டகங்களைத் தானே வரைந்து நடுவில் செருகுவதால் 1954இல் எடுத்த படம் நேற்றைய சீரியல் போல ஆகிவிடும். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும், மற்றவை தானே அணையும். இல்லாவிட்டால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’. ஷார்ப்னஸைக் கீழே இறக்குங்கள், கீறல்கள் பளிச்சென்று முன்னால் வருவது அதனால்தான். விளக்கை அணைப்பது கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மற்ற எதையும்விட முக்கியம்.

பழைய படங்களின் ஒலி மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிந்தது. சரவுண்ட், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்தி, ‘வாய்ஸ்’ அல்லது ‘க்ளியர் டயலாக்’ இருந்தால் அதை வையுங்கள். பாஸ் கூட்டினால் ஹம் என்ற இரைச்சல்தான் கூடும், வசனம் கூடாது.

வேற்றுமொழிப் படத்துக்குச் சப்டைட்டில் கோப்பையும் சேர்த்தே சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று இடத்தில் பாருங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால் விஎல்சியில் ‘ஜி’, ‘ஹெச்’ பொத்தான்களால் நகர்த்திச் சரிசெய்யலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அது அந்த 24, 25 சட்டகச் சிக்கலேதான். 100 நிமிடப் படத்தின் கடைசியில் நான்கு நிமிடம்வரை விலகிப் போய்விடும். பொத்தானை எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை, அதே வேகத்துக்கு எழுதிய வேறு கோப்புதான் வேண்டும். கணினி தானாகக் கேட்டு எழுதும் சப்டைட்டிலைப் பழைய மோனோ ஒலிக்கு நம்பவே கூடாது.

என்ன சொல்லி அனுப்புவது

மூன்று வாக்கியம் போதும். ஒன்று, எது இருக்காது. இரண்டு, எதைக் கவனிக்க வேண்டும். மூன்று, எதுவரை பொறுக்க வேண்டும்.

‘அந்த நா’ளுக்கு இப்படி எழுதலாம்: “இதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. 1943, சென்னையில் குண்டு விழும் பயம் இருந்த காலம். ரேடியோ இன்ஜினியர் ஒருவர் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறார், அவர்தான் சிவாஜி. சிஐடி அதிகாரி ஒவ்வொருவராக விசாரிப்பார். இரண்டாவது ஆள் பேசி முடிக்கும்வரை உட்காருங்கள், பிறகு நீங்களே எழமாட்டீர்கள்.” கதாநாயகன் முதலிலேயே சாவது கதையின் தொடக்கம்தான், அதைச் சொல்வதில் தவறில்லை. சொல்லாவிட்டால் சிவாஜி எப்போது எழுந்து வருவார் என்ற குழப்பத்தில் பத்து நிமிடம் வீணாகும். ஆனால் ‘ரஷோமான்’ மாதிரி என்று சொல்லாதீர்கள். குரோசாவாவின் அந்தப் படம் உண்மை என்ன என்பதைத் திறந்தே விட்டுவிடும். ‘அந்த நாள்’ கொலையாளியைக் காட்டித்தான் முடியும். தவறான ஒப்பீட்டோடு போனவர் நல்ல முடிவை ஏமாற்றமாக எடுத்துக்கொள்வார்.

‘தமிழின் தலைசிறந்த படம்’ போன்ற பட்டங்களும் வேண்டாம். பட்டம் கொடுத்தால் பார்ப்பவர் அதைச் சோதிக்க உட்காருவார். குறிப்பாக ஒரு காட்சியைச் சொன்னால் அதற்காகக் காத்திருப்பார், காத்திருக்கும் நேரத்தில் மற்றதெல்லாம் தானாகவே உள்ளே போய்விடும். ‘வீடு’ படத்துக்கு, பாதி எழுந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வரும் காட்சி. சொக்கலிங்க பாகவதர் பூசாத செங்கல் சுவரைக் கையால் தொட்டுத் தொட்டு நடப்பார். வசனம் கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும். அதற்கு முன் என்ன, பின் என்ன என்று ஒரு சொல்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

மெதுவான படத்தை எப்படிப் பார்ப்பது என்று விளக்குவதற்கு டி சிக்காவின் ‘உம்பர்ட்டோ டி’ (1952) படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. வீட்டு வேலைக்காரப் பெண் விடிகாலையில் எழுந்து சமையலறைக்கு வருகிறாள். தீக்குச்சியைச் சுவரில் உரசிப் பற்றவைக்கிறாள். எறும்புகளைத் தண்ணீர் விட்டு விரட்டுகிறாள். உட்கார்ந்து காபிக் கொட்டையை அரைக்கிறாள், கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. எழுந்திருக்காமலே காலை நீட்டி, கால் விரல் நுனியால் கதவைச் சாத்துகிறாள். கதைக்குத் தேவையான ‘தகவல்’ இதில் எதுவுமில்லை. அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது நமக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தக் கதவை எட்டித் தள்ளும் காலில் அவளுடைய களைப்பு, வயது, தனிமை மூன்றும் இருக்கின்றன. ‘அடுத்து என்ன நடக்கும்’ என்று பார்க்காமல் ‘இவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்’ என்று பாருங்கள் என்ற ஒரு வரியை இந்தப் படத்தோடு சேர்த்துக் கொடுத்தால், இதுபோன்ற இருபது படங்களுக்குச் சாவி கொடுத்த மாதிரி.

‘ட்வெல்வ் ஆங்ரி மெ’னுக்குக் கூரையைக் கவனிக்கச் சொல்லுங்கள். படம் ஏறக்குறைய முழுவதும் ஒரே அறை. முதல் பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே நிற்கும், நடுவில் கண் மட்டத்துக்கு இறங்கும், கடைசியில் அதற்கும் கீழே போய்விடும். லென்ஸும் போகப்போக நீண்டுகொண்டே போகும். அதனால் கடைசியில் கூரை தெரியத் தொடங்கும், சுவர்கள் ஆட்களை நெருக்குவதுபோல் இருக்கும். பார்ப்பவருக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த படத்திலும் கேமராவைத் தேடுவார்.

பழைய படங்களில் இன்று ஏற்க முடியாதவை இருக்கும்: மனைவியை அறைவதை நியாயப்படுத்துவது, நிறத்தையும் சாதியையும் உடலையும் வைத்துச் சிரிக்கவைப்பது. எந்த இடத்தில் வருகிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள். திடீரென்று மோதினால் படம் முழுவதையும் வெறுத்துவிடுவார்கள், அதில் அவர்கள் மேல் தவறில்லை.

அடுத்தது எது

ஒரு படம் பிடித்துவிட்டது என்றதும் பத்துப் பெயர்களை அனுப்புவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பட்டியல் போனிலேயே கிடந்து மட்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு படம், வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அடுத்ததற்கு முந்தையதிலிருந்து ஒரு நூல், அதாவது ஒரு தொடர்பு, இருக்க வேண்டும்.

இயக்குநர் நூல் எளிது. ‘அந்த நாள்’ பிடித்தவருக்கு அதே பாலசந்தரின் ‘பொம்மை’ (1964). வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறிப் போகும் கதை. அதன் கடைசியில் குழுவினரைத் திரையிலேயே அறிமுகம் செய்வார்கள், அதனால் ‘வணக்கம்’ வரை ஓடவிடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ‘நடு இரவில்’ (1970).

இசையமைப்பாளர் நூல் எதிர்பாராத இடங்களுக்குக் கொண்டுபோகும். ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’ (1982) ரகுவரன் நாயகனாக அறிமுகமான படம், பாட்டுகள் பாரதியாருடையவை, இசை எல். வைத்தியநாதன். அங்கிருந்து அவரே இசையமைத்த ‘சந்தியா ராக’த்துக்குப் (1989) போகலாம். எம். பி. சீனிவாசன் இசையமைத்த ‘பாதை தெரியுது பார்’ (1960) பார்த்தவருக்கு, அடுத்து அவரே பேராசிரியராக நடித்த ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977). எழுத்தாளர் நூலில் ‘மறுபக்க’த்துக்குப் பிறகு, இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புன’லிலிருந்து எடுத்த ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983).

எல்லாவற்றிலும் பலமானது பொருள் நூல், ஏனென்றால் அது மொழியைத் தாண்டும். பிள்ளைகள் வீட்டில் இடமில்லாத முதியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். லியோ மெக்கேரியின் ‘மேக் வே ஃபார் டுமாரோ’ (1937), ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953), பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’. மூன்று நாடு, ஐம்பது ஆண்டு, ஒரே வலி. ‘வீடு’ முன்பே பார்த்தவர் என்றால் ‘சந்தியா ராக’த்தில் மறுபடியும் சொக்கலிங்க பாகவதரைப் பார்த்ததும் அவருக்கு வழி இன்னும் எளிதாகிவிடும். பென்ஷன் நூல் இன்னொன்று: ‘உம்பர்ட்டோ டி’ முதியவர்கள் பென்ஷனை உயர்த்தக் கேட்டு ஊர்வலம் போவதில்தான் தொடங்குகிறது. அதற்குப் பக்கத்தில் கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படமான ‘தபரண கதெ’யை (1986) வையுங்கள். ஓய்வுபெற்ற கடைநிலை ஊழியர் ஒருவர் தன் பென்ஷனுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவதுதான் கதை. சாருஹாசனுக்கு தேசிய விருது வாங்கித் தந்த நடிப்பு, தமிழர்களே அதிகம் பார்க்காதது. இரண்டையும் அடுத்தடுத்து இரண்டு வாரத்தில் கொடுங்கள், ஒரே நாளில் கொடுத்தால் தாங்காது. இடையே இலகுவான ஒரு படத்தைச் செருகினாலும் நல்லதுதான்.

நீளமான இந்தியப் படத்தை இரண்டு இரவாகப் பார்ப்பவர் ‘இடைவேளை’ அட்டையில் நிறுத்தட்டும், வேறெங்கும் வேண்டாம். அந்த இடத்தில் நிற்பதற்காகவே கதையைக் கட்டியிருக்கிறார்கள்.

பார்த்து முடித்தவரிடம் “பிடிச்சுதா?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்பதோடு முடிந்துவிடும். எந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது என்று கேளுங்கள், அடுத்த படத்துக்கான நூல் அதில் இருக்கும். பாதியில் நிறுத்தியவரிடம் எத்தனையாவது நிமிடத்தில் என்று மட்டும் கேளுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் என்றால் பிரதியிலோ ஒலியிலோ கோளாறு, வேறு பிரதியோடு அதே படத்தை மறுபடி கொடுக்கலாம். அரை மணி நேரம் தாண்டி என்றால் நடை அவருக்கு ஒத்துவரவில்லை, படத்தை மாற்றுங்கள். இடைவேளைக்குப் பிறகு என்றால் படம் பிடித்திருக்கிறது, தூக்கம் வந்திருக்கிறது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள்.